உணர்ச்சிக்குக் கண் உண்டா? மென்சியஸும் மாக்ஸ் ஷெலரும்

ஒரு குழந்தை தவழ்ந்து தவழ்ந்து கிணற்றின் விளிம்புக்கே வந்துவிட்டது. இன்னும் ஒரு கணம் போனால் உள்ளே விழுந்துவிடும். அந்த வழியே போகும் யாரோ ஒருவர் தற்செயலாக அதைப் பார்த்துவிடுகிறார். அந்த நொடியில் அவர் நெஞ்சுக்குள் என்ன நடக்கும்?

இப்படிக் கேட்டவர் மென்சியஸ். சீனர்கள் மெங்ஸி என்று சொல்லும் இவர் கி.மு. 4ஆம் நூற்றாண்டில் வாழ்ந்தவர். கன்பூசியஸ் (கி.மு. 551–479) மறைந்து நூறாண்டுக்குப் பின் வந்து, அவர் வழியைத் தன் வழியாகக் கொண்டவர். பதிலையும் அவரே சொல்கிறார்: யாராக இருந்தாலும் நெஞ்சு திடுக்கிடும், பதறும், இரங்கும். அதோடு விடாமல், அந்தப் பதற்றம் எவற்றால் வரவில்லை என்பதையும் சொல்கிறார். குழந்தையின் பெற்றோரிடம் சலுகை பெறுவதற்காக வரவில்லை. ஊராரும் நண்பர்களும் புகழ வேண்டும் என்பதற்காக வரவில்லை. அதன் அலறல் காதுக்குப் பிடிக்காது என்பதாலும் வரவில்லை. (கடைசி வரியைக் ‘கெட்ட பெயருக்கு அஞ்சி அல்ல’ என்று படிப்பவர்களும் உண்டு.)

இந்தக் கதையை மறுபடி சொல்பவர்கள் பெரும்பாலும், ‘உடனே ஓடிப்போய்த் தூக்கிவிடுவோம் அல்லவா’ என்று முடித்துவிடுகிறார்கள். மூலத்தில் அந்த ஓட்டம் இல்லை. குழந்தை காப்பாற்றப்பட்டதாக மென்சியஸ் எங்கும் சொல்லவில்லை. பதறுவார் என்று மட்டுமே சொல்கிறார். பதறிய பிறகும் கடந்து போகிறவர்கள் உண்டு என்பது அவருக்குத் தெரியாததல்ல. கணக்குப் போடும் மனம் விழித்துக்கொள்வதற்கு முன்பே எழுந்துவிடும் அந்த ஒரு துடிப்பைத்தான் அவர் கையில் எடுத்து வைத்துக்கொண்டு பார்க்கிறார். அந்தத் துடிப்பு வெறும் உடல் நடுக்கமா, இல்லை, அது எதையாவது நமக்குக் காட்டித் தருகிறதா?

‘உணர்ச்சிவசப்படாமல் யோசி’ என்று வீட்டிலும் சொல்கிறோம், ஊர்க் கூட்டத்திலும் சொல்கிறோம். இந்த அறிவுரையின் அடியில் ஒரு படம் இருக்கிறது: அறிவு தெளிந்த நீர், உணர்ச்சி அதைக் கலக்கும் சேறு. மேற்கத்தியச் சிந்தனையில் இந்தப் படத்துக்கு வயது அதிகம். இமானுவேல் காண்ட் 1785இல் வெளியிட்ட அறவியல் நூலில் ஒரு மனிதரை வருணிக்கிறார். இளகிய மனம், பிறரை மகிழ்வித்து மகிழ்பவர். அவர் செய்யும் உதவி பாராட்டத் தக்கதுதான், ஆனால் அதற்கு உண்மையான அற மதிப்பு இல்லை என்கிறார் காண்ட். அதே மனிதர் சொந்தத் துயரத்தால் மனம் மரத்துப்போன பிறகும், கடமை என்ற ஒன்றுக்காக மட்டும் கை நீட்டும்போதுதான் அந்த மதிப்பு பிறக்கிறதாம். இதை வைத்துக் காண்ட் உணர்ச்சியை வெறுத்தவர் என்று சொல்லிவிடக் கூடாது. மனநிலை இன்று ஒன்றாக இருக்கும், நாளை வேறாக இருக்கும். அந்த மணலின்மேல் அறத்தைக் கட்டுவது எப்படி என்பது அவர் கவலை. கவலை நியாயமானதே. ஆனால் உணர்ச்சிக்குப் பார்வை கிடையாது, அது தானாக வந்து தானாகப் போகும் ஒரு நிலை மட்டுமே என்ற முடிவை அது விசாரிக்காமலே ஏற்றுக்கொள்கிறது.

அந்த முடிவை விசாரித்தவர்கள் நிகழ்வியலாளர்கள். தோற்றப்பாட்டியல் என்றும் இந்தத் துறையைத் தமிழில் எழுதுகிறார்கள். பெயரைக் கண்டு மிரள வேண்டாம். ஓர் அனுபவம் மூளையில் எப்படி உண்டாகிறது, பரிணாமத்தில் எதற்காக வந்தது என்று விளக்கப் போகாமல், அனுபவிப்பவருக்கு அது எப்படித் தோன்றுகிறதோ அப்படியே பொறுமையாக விவரிப்பதுதான் நிகழ்வியல். 1900–01இல் வெளிவந்த நூலின் வழியே இதைத் தொடங்கிவைத்தவர் எட்மண்ட் ஹுஸ்ஸெர்ல். அவருடைய ஆசிரியர் ஃபிரான்ஸ் பிரெண்டானோ 1874இல் வலியுறுத்திய ஒரு கருத்துதான் இதற்கு அடித்தளம்: மனத்தின் ஒவ்வொரு செயலும் எதையாவது நோக்கியே இருக்கிறது. காண்பது என்றால் ஏதோ ஒன்றைக் காண்பது. நினைப்பது என்றால் ஏதோ ஒன்றை நினைப்பது. விரும்புவதும் வெறுப்பதும் அப்படித்தான்.

இதை அறத்தின் பக்கம் மிகத் தொலைவுக்கு எடுத்துச் சென்றவர் மாக்ஸ் ஷெலர் (1874–1928). மியூனிக்கில் பிறந்தவர். அவருடைய பெரிய அறவியல் நூல் 1913இலும் 1916இலும் இரண்டு பகுதிகளாக வந்தது. காண்டை மிக மதித்துக்கொண்டே காண்டோடு மோதும் நூல் அது.

ஷெலர் சொல்வதைப் பல்வலியிலிருந்து தொடங்கிப் புரிந்துகொள்ளலாம். பல்வலி எதைப் பற்றியது? எதைப் பற்றியதும் அல்ல. அது ஒரு நிலை, இருக்கிறது, அவ்வளவுதான். இப்போது குற்றவுணர்வை எடுத்துக்கொள்ளுங்கள். ‘எதற்காக?’ என்று கேட்டால் அதற்குப் பதில் இருக்கிறது. நண்பனிடம் சொன்ன ஒரு பொய், தாயிடம் காட்டிய ஒரு முகச்சுளிப்பு. குற்றவுணர்வு தனக்கு வெளியே ஏதோ ஒன்றைச் சுட்டுகிறது. ஷெலர் இந்த இரண்டையும் கண்டிப்பாகப் பிரிக்கிறார்: ஒன்று உணர்ச்சி நிலை, மற்றது ஒன்றை நோக்கி உணர்தல். இந்த இரண்டாவது வகைக்குத்தான் பார்வை உண்டு. கண்ணுக்கு நிறம் எப்படியோ, இந்த உணர்தலுக்கு விழுமியம் அப்படி. விழுமியம் என்பது ஒன்றின் மதிப்பு: அதன் நன்மை, அழகு, கீழ்மை போன்றவை. காதை எவ்வளவு கூர்மையாக்கினாலும் சிவப்பைக் கேட்க முடியாது. தர்க்க அறிவை எவ்வளவு கூர்மையாக்கினாலும் ஒரு செயலின் கீழ்மையை அதனால் மட்டும் பிடித்துவிட முடியாது.

நம் அன்றாடத்தில் இதற்குச் சான்று இருக்கிறது. ஓர் அறைக்குள் நுழைந்த உடனே அது இதமான அறை என்று தெரிந்துவிடுகிறது. சன்னலாலா, சுவரின் நிறத்தாலா என்று கேட்டால் சொல்லத் தெரிவதில்லை. ஒருவரிடம் இரண்டு வார்த்தை பேசியதும் நல்ல மனிதர் என்று படுகிறது. காரணம் பிறகுதான் வருகிறது, சில சமயம் வருவதே இல்லை. பொருளின் விவரங்கள் நம்மிடம் வந்து சேர்வதற்கு முன்பே அதன் விழுமியம் வந்து சேர்ந்துவிடுகிறது.

விழுமியங்களுக்குள் உயர்வு தாழ்வு உண்டு என்றும் ஷெலர் சொல்கிறார். அடியில் புலன்களுக்கு இனியது, இன்னாதது. அதற்கு மேல் உயிரின் செழிப்பும் வீழ்ச்சியும். அதற்கும் மேல் அழகு, நீதி, உண்மை. உச்சியில் புனிதம். ஏன் இந்த வரிசை என்பதற்கு அவர் தரும் காரணங்களில் எனக்குப் பிடித்தது, பங்கிடுவது பற்றியது. ஒரு துணியை இரண்டாகக் கிழித்தால் ஆளுக்குப் பாதிப் பயன் கிடைக்கும். ஒரு ஓவியத்தை அப்படிக் கிழித்துப் பங்கிட முடியாது. ஆனால் கிழிக்காமலே ஆயிரம் பேர் முழுதாகப் பெறலாம். பங்கிட்டாலும் குறையாதது உயர்ந்தது. இந்த ஏணியை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. உச்சிப் படியில் அவருடைய கத்தோலிக்கச் சமயத்தின் சாயல் படிந்திருப்பது தெளிவாகத் தெரிகிறது.

மென்சியஸிடம் இப்படி ஓர் ஏணி இல்லை. அவரிடம் இருப்பது தோட்டம். இரங்கும் நெஞ்சு, தீயதைக் கண்டு நாணி வெறுக்கும் நெஞ்சு, பிறருக்கு விட்டுக்கொடுக்கும் நெஞ்சு, சரி தவறு உணரும் நெஞ்சு என்று நான்கைச் சொல்கிறார். இவை மண்ணிலிருந்து எட்டிப் பார்க்கும் முளைகள். இரக்கம் வளர்ந்தால் ‘ரென்’ என்ற மனிதநேயம் ஆகும். நாணம் வளர்ந்தால் ‘யி’ என்ற நேர்மை. விட்டுக்கொடுத்தல் ‘லி’ என்ற முறைமையாகும். சரி தவறு உணர்வது அறிவாகும். இங்கே ‘நெஞ்சு’ என்று நான் எழுதுவது சீனத்தில் ‘சின்’. உணர்வதும் எண்ணுவதும் அந்த ஒரே இடத்தில் நடக்கின்றன. தமிழ் நெஞ்சும் அப்படித்தான் என்பதால் மொழிபெயர்ப்பது நமக்கு எளிதாகிறது.

முளை என்ற சொல்லை அவர் சும்மா தேர்ந்தெடுக்கவில்லை. சோங் நாட்டு உழவன் ஒருவன் பயிர் சீக்கிரம் வளரவில்லையே என்று ஒவ்வொன்றையும் மேலே இழுத்துவிட்டு, களைத்து வீடு திரும்பி, ‘இன்று பயிர் வளர உதவினேன்’ என்றான். மகன் ஓடிப்போய்ப் பார்த்தபோது எல்லாம் வாடிக் கிடந்தன. இது மென்சியஸ் சொன்ன கதை. எருது மலை பற்றியும் சொன்னார். ஒரு காலத்தில் மரங்கள் அடர்ந்திருந்த மலை. பெருநகரத்துக்கு அருகில் இருந்ததால் கோடரிகள் வந்தன. மீண்டும் துளிர்த்ததை ஆடுமாடுகள் மேய்ந்தன. இப்போது மொட்டையாக நிற்பதைப் பார்ப்பவர்கள் இங்கே மரமே இருந்ததில்லை என்று நினைக்கிறார்கள். கொடியவன் ஒருவனைப் பார்த்து ‘பிறவியிலேயே இப்படித்தான்’ என்று நாம் சொல்வதும் அதே பிழை என்பது அவர் கட்சி. சுன்ஸி என்ற பிற்காலக் கன்பூசியச் சிந்தனையாளர் இதை ஒத்துக்கொள்ளவில்லை. மனித இயல்பு கெட்டது, நன்மை மனிதர் முயன்று உண்டாக்கியது என்றார். அந்த வழக்கு பெரிது, இங்கே விட்டுவிடுகிறேன்.

ஷெலரின் கண்ணும் மென்சியஸின் முளையும் ஒத்துப்போகும் இடத்தைக் காட்ட ஓர் எருது வேண்டும்.

ச்சி நாட்டு அரசர் சுவான் அரண்மனையில் அமர்ந்திருக்கிறார். கீழே ஒருவன் ஓர் எருதை ஓட்டிக்கொண்டு போகிறான். எங்கே என்று கேட்கிறார். புதிய மணிக்கு இரத்தம் பூசிச் சடங்கு செய்ய என்கிறான். அரசர் சொல்கிறார்: “விட்டுவிடு. அது நடுங்குவதை என்னால் தாங்க முடியவில்லை. குற்றமற்ற ஒருவனைக் கொலைக்களத்துக்குக் கொண்டுபோவது போல இருக்கிறது.” சடங்கை நிறுத்திவிடவா என்றதற்கு, அது எப்படி, ஓர் ஆட்டை வைத்துச் செய் என்கிறார். எருது விலை கூடியது என்பதால் கஞ்சத்தனம் என்று மக்கள் பேசிக்கொண்டார்கள். மென்சியஸ் அரசர் பக்கம் நின்றார்: நீங்கள் எருதைப் பார்த்தீர்கள், ஆட்டைப் பார்க்கவில்லை.

குறளின் 58ஆவது அதிகாரத்தின் தலைப்பான ‘கண்ணோட்டம்’ என்ற சொல் இங்கே எவ்வளவு பொருத்தமாக வந்து உட்கார்ந்துகொள்கிறது. கண் போன இடத்தில் இரக்கமும் போகிறது. அந்த அதிகாரமும் ஆட்சி செய்பவருக்கான பகுதியிலேயே இருக்கிறது.

அரசர் சொன்னதைக் கவனமாகப் படியுங்கள். ‘எனக்கு என்னவோ போல இருக்கிறது’ என்று அவர் சொல்லவில்லை. ‘குற்றமற்ற ஒருவனைப் போல’ என்றார். அவருடைய இரக்கத்துக்குள் ஒரு காட்சி இருந்தது: செய்யாத குற்றத்துக்கு ஓர் உயிர் சாகப் போகிறது. அநீதி என்ற விழுமியத்தை அவர் நெஞ்சு கண்டுவிட்டது. ஷெலரின் மொழியில் இது ஒன்றை நோக்கி உணர்தல். பல்வலி போன்ற வெறும் நிலை அல்ல.

இது ஏன் முக்கியம்? ஏனென்றால், எதையோ கண்ட உணர்ச்சியோடுதான் வாதாட முடியும். ஆடும் குற்றமற்றதுதானே என்று கேட்க முடியும். மென்சியஸ் அதற்கும் மேலே போனார்: உங்கள் கருணை விலங்கை எட்டுகிறது, உங்கள் மக்களை எட்டவில்லையே, ஏன்? தைமலையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வடகடலைத் தாண்ட முடியாது என்றால் அது உண்மையிலேயே முடியாதது. மக்களிடம் இரக்கம் காட்டாதது அப்படியா? முடியாமல் இருக்கிறீர்களா, செய்யாமல் இருக்கிறீர்களா? வெறும் நடுக்கத்திடம் இந்தக் கேள்வியைக் கேட்க முடியாது. நடுக்கத்துக்குப் பதில் சொல்லத் தெரியாது. கண்ட இடத்திலிருந்து காணாத இடத்துக்கு இரக்கத்தை நீட்டிக்கொண்டு போவதுதான் மென்சியஸின் முழு அரசியல். முளை வளர்வது என்பதும் அதுவே.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவைப்படுகிறது, அதற்கு ஷெலர்தான் உதவுகிறார். இரக்கம் என்று நாம் ஒரே பெயரில் அழைப்பவை பல. 1913இல் வந்து 1923இல் விரிவாக்கப்பட்ட நூலில் அவற்றைப் பிரித்துக் காட்டுகிறார். இறந்த குழந்தையின் அருகே தாயும் தந்தையும் நிற்கிறார்கள். இருவரும் ஒரே துயரைச் சேர்ந்து உணர்கிறார்கள். அப்போது நண்பர் ஒருவர் வருகிறார். அவர் வருந்துவது அவர்களுடைய துயருக்காக. இது வேறு. இனி, ஒருவர் சந்தோஷமான கூட்டத்துக்குள் நுழைந்து காரணம் தெரியாமலே உற்சாகமாகிறார், அழுகைக்கு நடுவே போய்த் தானும் அழுகிறார். இது தொற்று. யாருடைய துயரும் இங்கே காணப்படவில்லை. தொற்றிக்கொண்ட துயரிலிருந்து தப்பிக்கத்தான் மனம் துடிக்கும். செய்தியைப் பார்த்து மனம் கனத்து அலைவரிசையை மாற்றும் கை அப்படிப்பட்டது.

கொடியவனைப் பற்றி ஷெலர் சொல்வது இன்னும் ஆழமாகத் தைக்கிறது. எதிராளியின் வலி தெரியாததால்தான் அவன் கொடியவனாக இருக்கிறான் என்று நினைப்போம். இல்லை, மிக நன்றாகத் தெரிகிறது. தெரிவதால்தான் அதைச் சுவைக்கிறான். ஆக, பிறர் மனத்தை அறியும் திறமை வேறு, இரக்கம் வேறு. ஹுஸ்ஸெர்லிடம் 1916இல் முனைவர் பட்டம் பெற்ற எடித் ஸ்டைன், பிறர் அனுபவம் நமக்கு எப்படிக் கிட்டுகிறது என்ற ஒரே கேள்வியை எடுத்துக்கொண்டு ஆய்வேடு எழுதினார். யூதக் குடும்பத்தில் பிறந்தவர். 1942இல் நாஜிகளின் ஆஷ்விட்ஸ் வதைமுகாமில் கொல்லப்பட்டார். வலி தெரிந்தே வலி கொடுத்தவர்களின் கையில் அவர் இறந்தார் என்பதை நினைக்காமல் இந்தப் பக்கங்களை என்னால் படிக்க முடிவதில்லை.

நெஞ்சின் கண் பிழையாகவும் பார்க்கும். திராட்சை எட்டாத நரி ‘சீச்சீ, இந்தப் பழம் புளிக்கும்’ என்றது. ஷெலர் சொல்கிறார்: நரி இனிப்பே கெட்டது என்று சொல்லவில்லை. தன்னால் அடைய முடியாததைக் கண்டு உள்ளே புழுங்கும் மனிதன் ஒரு படி மேலே போய், இனிப்பையே இழிவு என்று தீர்ப்பளித்துவிடுகிறான். அதற்குப் பிறகு அவன் பார்வைக்கு விழுமியங்கள் தலைகீழாகத்தான் தெரியும். மென்சியஸாக இருந்தால் இதற்குக் கோடரியையும் ஆடுமாட்டையும் காரணம் காட்டுவார். ஷெலர் நோயைக் காட்டுகிறார். எருது மலைக்கு இன்னொரு மழைக்காலம் உண்டு என்பதால் நான் இந்த இடத்தில் மென்சியஸின் பக்கம் சாய்கிறேன்.

இனி நாணம். இது வெட்கமும் அல்ல, அவமானமும் அல்ல. புதியவர் முன் குழந்தை தாயின் சேலைக்குள் முகம் புதைப்பது வெட்கம். நாலு பேர் முன் ஒருவர் நம்மைத் தாழ்த்துவது அவமானம். நாணம் என்பது தன் செயலைத் தானே கண்டு கூசுவது. கன்பூசியஸ் ஆட்சியைப் பற்றிப் பேசும்போது இதைத் தொடுகிறார்: சட்டத்தாலும் தண்டனையாலும் மக்களை நடத்தினால் அவர்கள் தப்பிக்கப் பார்ப்பார்கள், நாணம் இருக்காது, நற்பண்பாலும் முறைமையாலும் நடத்தினால் நாணம் இருக்கும், தாமே திருந்துவார்கள். மென்சியஸ் பசித்தவனைக் கொண்டுவந்து நிறுத்துகிறார். ஒரு கூடைச் சோறு, ஒரு கிண்ணம் சாறு; கிடைத்தால் உயிர், கிடைக்காவிட்டால் சாவு. அதட்டிக் கொடுத்தால் வழிப்போக்கன் வாங்க மாட்டான். காலால் மிதித்துக் கொடுத்தால் பிச்சைக்காரனும் தொட மாட்டான். உயிரைவிடப் பெரிதாக ஒன்றை அந்த நெஞ்சு கண்டிருக்கிறது.

மேற்கில் நாணத்தின் புகழ்பெற்ற காட்சி பிரெஞ்சுத் தத்துவவாதி சார்த்தருடையது, 1943. ஒருவன் சாவித்துவாரம் வழியே உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறான். பின்னால் காலடி ஓசை. சட்டென்று தன்னைப் பிறர் பார்க்கும் பொருளாக உணர்கிறான், கூசிப்போகிறான். இங்கே நாணத்தைக் கொண்டுவருவது பிறர் பார்வை. முப்பதாண்டுக்கு முன்பே ஷெலர் வேறு காட்சி தந்திருந்தார். ஓவியர் முன் நிற்கும் மாடல் பெண்ணுக்குக் கூச்சம் இல்லை. ஓவியரின் கண் மாறி, அவளை வரைவதற்கான மாதிரியாகப் பார்க்காமல் பெண்ணாகப் பார்க்கத் தொடங்கிய நொடியில் கூசுகிறாள். நாணம் அவளைத் தாழ்த்தவில்லை, அவளிடம் காக்கத் தக்க ஒன்று இருப்பதை அவளுக்கே காட்டி அதைக் காக்கிறது. பசித்தும் கை நீட்டாத அந்தப் பிச்சைக்காரனுக்கு ஷெலரின் இந்த நாணம் மிக அருகில் இருக்கிறது. சார்த்தரின் சாவித்துவாரத்தில் அவனுக்கு இடம் இல்லை.

கன்பூசியர்களிடம் இருந்து ஷெலரிடம் அவ்வளவாக இல்லாதது சடங்கு. உணர்ச்சி வந்து போய்விடும்; அதற்கு ஒரு வடிவம் கொடுத்தால் தங்கும். சய் வோ என்ற மாணவர் கன்பூசியஸிடம், பெற்றோருக்கு மூன்றாண்டு துக்கம் காப்பது நீளம், ஓராண்டு போதாதா என்று கேட்டார். கன்பூசியஸ் விதியை எடுத்துக் காட்டவில்லை. நல்ல அரிசிச் சோறும் பட்டாடையும் உனக்கு நிம்மதியாக இருக்குமா என்று கேட்டார். இருக்கும் என்றார் மாணவர். அப்படியானால் செய் என்றார். அவர் வெளியே போன பிறகுதான், பிறந்து மூன்றாண்டு கழித்துத்தானே குழந்தை பெற்றோரின் மடியை விட்டு இறங்குகிறது என்று வருந்தினார்.

இந்தச் சடங்கெல்லாம் முதலில் எப்படி வந்தது? யி ஜி என்ற ஒருவர் எல்லாரிடமும் ஒரே அளவு அன்பு வேண்டும் என்ற, மோஸி என்ற சீனச் சிந்தனையாளரின் கொள்கையைப் பின்பற்றியவர். இறுதிச் சடங்குகள் எளிமையாக இருக்க வேண்டும் என்பதும் அதில் அடக்கம். ஆனால் தன் பெற்றோரை மட்டும் மிகச் சிறப்பாக அடக்கம் செய்தார். அவருக்கு மென்சியஸ் ஒரு கதை சொல்லி அனுப்பினார். மிகப் பழைய காலத்தில் இறந்தவர்களைப் புதைக்கும் வழக்கம் இல்லாத மக்கள் இருந்தார்கள். பெற்றோர் இறந்ததும் உடலைத் தூக்கிப் பள்ளத்தில் போட்டுவிடுவார்கள். பின்னொரு நாள் அந்த வழியே போன ஒருவன் பார்த்தான். நரிகள் தின்றுகொண்டிருந்தன, ஈக்கள் மொய்த்தன. அவன் நெற்றி வியர்த்தது. நேராகப் பார்க்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அந்த வியர்வை யார் பார்ப்பதற்காகவும் வரவில்லை என்கிறார் மென்சியஸ். நெஞ்சிலிருந்து முகத்துக்கு வந்தது. அவன் வீட்டுக்குப் போய்க் கூடையும் மண்வெட்டியும் எடுத்துவந்து உடலை மண்ணால் மூடினான்.